கோடுகள் உரைக்கும் விண்வெளி வரலாறு

படக்கதை என்றதும் அது சிறுவர்தம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றவல்ல இரு ஆங்கிலப் படக்கதை நூல்களை ஈண்டு நோக்குவோம். ஒன்று, நிக் அபாட்ஜிஸ் எழுதி வரைந்த 'லைக்கா' (2007). மற்றொன்று, ஜிம் ஒட்டாவியானி எழுத, ஜாண்டர் கேனனும் கெவின் கேனனும் வரைந்த 'டி-மைனஸ்' (2009).

'டி-மைனஸ்' 1957 முதல் 1969 வரையிலான நிலவுப் போட்டியை, ஆண்டுகளைத் தலைகீழாக எண்ணியபடி உரைக்கிறது. பறந்தவர்களைவிடப் பறக்கவைத்த பொறியாளர்களையே அது முன்னிறுத்துகிறது. அமெரிக்க, சோவியத் முயற்சிகளை அருகருகே காட்டுவது அதன் சிறப்பு. ஆயினும், மாந்தர் மிகுந்து விரைந்து மறைவதால் எவரும் நெஞ்சில் நிலைப்பதில்லை.

'லைக்கா' ஒரு நாயைத் தேர்ந்துகொண்டு அக்குறையைக் கடக்கிறது. 1957 நவம்பர் 3-இல் ஸ்புட்னிக்-2 கலத்தில் ஏற்றப்பட்ட அந்நாயைத் திரும்பக் கொணர வழியே வகுக்கப்படவில்லை. பல நாட்கள் உயிரோடிருந்தது என்றே அன்று உலகம் நம்பியது. சில மணி நேரத்தில் வெப்ப மிகுதியால் இறந்ததென்ற உண்மை 2002-இல்தான் வெளிப்பட்டது. 1961-இல் யூரி ககாரின் 108 நிமிடங்களில் நலமே சென்று மீண்டதற்குப் பின்னால் இத்தகைய உயிர்களும் உள்ளன.

நூலின் தொடக்கத்தில், சிறைமுகாமிலிருந்து பனிவெளியில் நடந்து வருகிறார் செர்கேய் கொரோலியோவ். 1938-இல் கைதான அவரே பின்னாளில் சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர். 1966-இல் மறையும்வரை அவர் பெயரை அரசு வெளியிடவில்லை. புகைப்படம் அரசு காட்ட விரும்பியதைக் காட்டும். புகைப்படக் கருவி நுழையாத பனிவெளியிலும், மூடிய கலத்தினுள்ளும் ஓவியனின் கோடு நுழைகிறது. படக்கதை வரலாற்றுக்கு அளிக்கும் கொடை இதுவே என்போம்.

அதன் இடரும் இதனுள்ளேயே உண்டு. பிடிபடுமுன் லைக்கா வாழ்ந்ததாக நூல் விரிக்கும் வாழ்வு கற்பனையே. கொரோலியோவின் சிறைவாழ்வோ மெய். இரண்டும் ஒரே தூரிகையால் தீட்டப்பெறுகையில், இளம் வாசகன் வேறுபாடு அறியான்.

ஆதலின், நம் பிள்ளைகளின் கையிலிருந்து இத்தகைய நூல்களைப் பறிக்க வேண்டா, உடனமர்ந்து படிப்போம். எது நிகழ்ந்தது, எது புனைந்தது என வினவப் பழக்குவோம். வரலாற்றுக் கல்வியின் முதற்படி அவ்வினாவே.