ஸ்ட்ரல்ட்பிரக்குகளின் முதுமைநோய்: மறதியும் சட்டமும்

ஜோனதன் ஸ்விப்டின் 'கலிவரின் யாத்திரைகள்' (1726) நூலின் மூன்றாம் பாகத்தில், லக்நாக் தீவில் அரிதாகப் பிறக்கும் ஸ்ட்ரல்ட்பிரக்குகள் இடம்பெறுகின்றனர். இடப்புருவத்தின் மேலே செம்புள்ளியுடன் பிறக்கும் இவர்களுக்குச் சாவில்லை, மூப்பு உண்டு. 80 வயதில் நினைவு தளர்கிறது. 90 வயதில் பல்லும் முடியும் உதிர்கின்றன. உற்றாரின் பெயர்களும் மறக்கின்றன. வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் அதன் தொடக்கம் நழுவிவிடுவதால் வாசிப்பும் இயலாது.

இப்பகுதியைச் சாவாமை வேட்கையின் மீதான அங்கதமாக மட்டும் கொள்வது போதாது. 80 வயது நிறைந்ததும் சட்டம் இவர்களை இறந்தோராகக் கருதுகிறது. சொத்து வாரிசுகளைச் சேர்கிறது. நிலம் வாங்கவோ, எல்லைத் தகராற்றில்கூடச் சாட்சி சொல்லவோ உரிமையில்லை. தனியொருவரின் நிலை ஆராயப்படுவதில்லை, வயதே தீர்ப்பாகிறது. முதியோரின் பேராசை நாட்டையே தனதாக்கிக்கொள்ளும் என்ற அச்சமே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

நோயின் விவரங்களும் பெரும்பாலும் பிறர் கூற்றாகவே கலிவருக்குக் கிடைக்கின்றன. கூறுவோர் இச்சட்டத்தால் பயன்பெறும் தரப்பினர். ஸ்ட்ரல்ட்பிரக்குகள் அவரிடம் கேட்பதோ 'ஸ்லம்ஸ்குடாஸ்க்', அதாவது ஒரு நினைவுப்பொருள். பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டத்துக்குத் தப்பும் நாசூக்கான இரத்தல் என அதனை விளக்கும் கலிவரே, அரசு தரும் உதவி மிகச் சொற்பம் என்றும் ஒப்புகிறார். ஆகவே, மறதி மூப்பின் விளைவு. வறுமையும் உரிமையிழப்பும் சட்டம் சேர்த்தவை. இவ்விரண்டையும் பிரித்து நோக்கும்போதே, ஸ்விப்டின் அங்கதம் முதியோரை விடுத்து, அவர்களை உயிரோடிருக்கையிலேயே இறந்தோராக்கிய சமூகத்தைச் சுட்டுவது புலனாகும்.