காட்டிலே அடுப்பு உண்டா?

நம்முடைய கதைகளில் வரும் காட்டு மனிதர்களுக்கு ஒரு விசித்திரமான சௌகரியம் உண்டு. அவர்கள் சமைப்பதே இல்லை. பசி எடுத்தால் கையை நீட்டுகிறார்கள். கிளை தாழ்ந்து கனியைக் கொடுக்கிறது. வழி தவறி வந்த இளவரசனுக்குத் தலைவன் மகள் தேனும் தினைமாவும் கொண்டுவந்து வைக்கிறாள். தினையை இடித்தது யார், உலக்கை எங்கே இருந்தது, தேனெடுக்கப் பாறையில் இறங்கியவன் திரும்பி வந்தானா என்பதெல்லாம் கதைக்கு வேண்டாத விஷயங்கள். விருந்து முடிந்ததும் காதல் தொடங்கிவிடுகிறது.

ஒரு காட்டையும் அதில் வாழும் ஜனத்தையும் கற்பனை செய்ய எழுத்தாளனுக்கு முழு உரிமை உண்டு. நானும் அந்த உரிமையைக் கொண்டு பிழைப்பவன்தான். ஆனால் கற்பனை ஜனத்துக்கும் வயிறு இருக்கிறதே! அவர்களுடைய தெய்வத்துக்குப் பெயர் வைப்பது சுலபம். நடனத்தை வர்ணிப்பது அதைவிடச் சுலபம். எந்த மரத்திலிருந்து எதை எடுத்து, எப்படிப் பக்குவம் செய்து தின்றார்கள் என்று சொல்வதுதான் கஷ்டம். கற்பனைக் காடு உயிருள்ளதா, வெறும் திரைச்சீலையா என்பது அதன் அடுப்பங்கரையில் தெரிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பாரியின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு பலருக்கும் தெரிந்தது. உழவர் உழாமலே அங்கே நான்கு பொருள்கள் கிடைக்கும் என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பிற்காலத்தவர் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது சொல்லப்பட்ட சந்தர்ப்பத்தை விட்டுவிட்டார்கள். மூவேந்தரும் மலையை வளைத்துக்கொண்டு நிற்கும்போது அவர்களைப் பார்த்துப் புலவர் பேசும் பேச்சு அது. எத்தனை நாள் முற்றுகை போட்டாலும் உள்ளே பட்டினி வராது என்று பகைவரின் மனத்தைத் தளர்த்துவதற்காகச் சொன்னது. மூங்கில் ஆண்டுதோறும் நெல் கொடுப்பதில்லை. பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூத்து, நெல்லை உதிர்த்துவிட்டுப் புதரோடு காய்ந்து போகும். பகைவனிடம் போய் யாராவது இதைச் சொல்வார்களா? கபிலர் சொன்னது கோட்டையின் களஞ்சியக் கணக்கு. அதைச் சமையற் குறிப்பாக எடுத்துக்கொண்டது நம் குற்றம்.

சமையலைப் பார்க்க வேண்டுமானால் மலைபடுகடாத்துக்குப் போகவேண்டும். பெருங்கௌசிகனார் நன்னன் மேல் பாடிய 583 அடிகள் கொண்ட பாட்டு. 1889-ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் கடைசியாக இருப்பது. நன்னனைப் பார்க்க மலைவழியே போகும் கூத்தருக்கு, எந்த இடத்தில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் மோரை உலைநீராக வைத்து, புளியின் புளிப்பைச் சேர்த்து, மூங்கிலரிசியைப் பொங்குகிறார்கள். இன்னோரிடத்தில் அவரையோடு புளி சேர்த்துக் கூழ் காய்ச்சுகிறார்கள்.

மோர்ப் பானையைச் சற்று உற்றுப் பாருங்கள். மோர் என்றால் அந்த மலையில் மாடு உண்டு. பாலைத் தோய்த்துக் கடைந்தவள் ஒருத்தி உண்டு. புளி என்றால் பழத்தை உலுக்கி, ஓடு நீக்கி, எடுத்துவைத்த ஒரு பருவம் உண்டு. மூங்கிலரிசி என்றால் பூத்த ஆண்டு தெரிந்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிக் குற்றிய கைகள் உண்டு. காட்டு மக்களின் பெருமையைப் பற்றிப் புலவர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு பானையை அடுப்பில் ஏற்றினார். ஒரு குடியே அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

வெண்ணந்தூர்க்காரனுக்கு மலை புதிதல்ல. போதமலை எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்தது. அதன் மேலிருக்கும் கீழூர், மேலூர், கெடமலை மக்களுக்கு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதைதான் ராஜபாட்டை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஏறுவார்கள். கிழக்கே, ராசிபுரத்துக்கு அப்பால், கொல்லிமலை. ஓரி ஆண்ட மலை. காரி அவனைக் கொன்று சேரனுக்குக் கொடுத்த மலை. இந்த மலையை எழுதியவர்கள் பலர். கல்கியின் 'பார்த்திபன் கனவி'லும் அது மர்மத்துக்கு உகந்த இடமாக வருகிறது. கொல்லிமலை என்றதும் எழுதுகிறவனுக்கு ஆளை மயக்கிக் கொல்லும் பாவை நினைவு வருகிறது. சந்தைக்குப் போகிறவனுக்குப் பலாப்பழம் நினைவு வருகிறது. சந்தைக்காரனுடைய நினைவில்தான் அதிகக் கதை இருக்கிறது என்பேன்.

பலாவுக்கு எத்தனை அவதாரம்! பிஞ்சு கறியாகும். முற்றிய காயின் சுளை வேகவைத்தால் சோற்றுக்குப் பதிலாக வயிற்றை நிரப்பும். பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையைச் சுட்டுத் தின்னலாம், குழம்பில் போடலாம், மண்ணில் புதைத்து மழைநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். காயை அறுக்குமுன் கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் பால் பிசினாய் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கதையில் வரும் தலைவன் மகள் பொற்றட்டில் பலாச்சுளை கொண்டுவருகிறாள். அவள் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாக ஓர் ஆசிரியன் எழுதியிருந்தால், அந்தப் பெண்ணை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

அந்நிய நாட்டில் இப்படி எழுதியவர் ஒருவர் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் 1842-ல் பசிபிக் சமுத்திரத்து மார்க்கேசஸ் தீவொன்றில் கப்பலைவிட்டு ஓடிப்போய், பள்ளத்தாக்கு மக்களோடு தங்கினார். அதை வைத்து 1846-ல் 'டைபீ' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நாலு வாரம் இருந்ததை நாலு மாதமாக நீட்டினார்; பிறர் எழுதிய யாத்திரை நூல்களிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். இதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். இருந்தும் புத்தகம் விழவில்லை. காரணம் அதிலுள்ள சீமைப்பலா. காயை நெருப்பில் சுடுவதையும், தோல் நீக்கி மரத்தொட்டியில் போட்டுக் குழவியால் இடிப்பதையும், இலையில் பொதிந்து குழியில் புதைத்துப் புளிக்கவைத்துப் பிற்காலத்துக்குச் சேமிப்பதையும் பொறுமையாகச் சொல்கிறார். காலக்கணக்கில் நம்மை ஏமாற்றியவர் சமையலில் ஏமாற்றவில்லை.

வங்காளத்தில் விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் 1939-ல் வெளியிட்ட 'ஆரண்யக்' இதற்கும் ஒரு படி மேல். காட்டின் நிலவொளியை அவரைப்போல் வர்ணித்தவர்கள் குறைவு. ஆனால் அந்த நிலவொளியிலே பசித்த மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சீனா என்ற புல்லின் விதையை அவித்துத் தின்பவர்கள். நெல்லுச் சோறு அவர்களுக்குத் திருநாள். தமிழில் ராஜம் கிருஷ்ணன் 1963-ல் 'குறிஞ்சித் தேன்' எழுதியபோது, நீலகிரிப் படுகர்களின் நிலத்தில் ராகியும் சாமையும் போய்த் தேயிலை வருவதைக் கதையின் நடுவிலேயே வைத்தார். தானியம் மாறினால் குடும்பம் மாறும் என்று அறிந்த எழுத்து அது.

மரத்தின் தண்டையே மாவாக்கித் தின்னும் ஜனம் என்று ஒருவன் கதை கட்டினால் நம்மூரில் சிரிப்பார்கள். ஆனால் மொலுக்காஸ் தீவுகளிலும் நியூகினியிலும் அதுதான் சோறு. சேகோ என்ற பனையினத்து மரத்தைப் பூக்கும் தறுவாயில் வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைச் செதுக்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டுகிறார்கள். அடியில் படியும் மாவுதான் ஆகாரம். இரண்டாவது உலக யுத்தத்தில் கிழக்கத்திய நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, அதே வித்தையை மரவள்ளிக் கிழங்கில் செய்து பார்த்துப் பிழைத்துக்கொண்டது எங்கள் சேலம் சீமை. 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே பிறந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆகக் கலியாணப் பந்தியில் பாயசம் குடிக்கும் ஒவ்வொருவரும் தாம் பார்த்தறியாத ஒரு காட்டு ஜனத்தின் மூளையை மெச்சிக் குடிக்கிறோம்.

மூளை என்று தெரிந்துதான் சொல்கிறேன். மலையாளத்தார் ஈந்து என்று சொல்லும் மரத்தின் கொட்டையை அப்படியே தின்றால் விஷம். அரிந்து, உலர்த்தி, பல தண்ணீர் மாற்றி ஊறவைத்து மாவாக்கினால் உணவு. யாழ்ப்பாணத்து ஒடியல் மாவையும் கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தே கூழ் காய்ச்சுவார்கள். இத்தனை தண்ணீர், இத்தனை நாள் என்று கண்டுபிடிக்கும் முன் எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்களோ! அந்த அறிவு ஏட்டில் இல்லை. பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு வந்தது. கிளை தாழ்ந்து கனி கொடுத்தது என்று நாம் ஒரு வரி எழுதும்போது, அந்தப் பாட்டியை அடித்துவிடுகிறோம்.

இதில் நஷ்டம் இலக்கியத்துக்கு மட்டும் அல்ல. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்கார் சொத்தாயிற்று. மரத்தடியில் பொறுக்குவதற்கும் அனுமதி வேண்டியதாயிற்று. சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க மலைமக்களுக்குள்ள உரிமையைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நூற்றிருபத்து நாலு ஆண்டுகளில் படித்தவர்கள் ஏன் பதறவில்லை? பல காரணங்கள் உண்டு. நம்முடைய கதைகளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காட்டு மனிதன் உழைக்காமல் கனி பறித்துத் தின்பவன் என்று படித்து வளர்ந்தவனுக்கு, ஒரு மரம் போனால் என்ன, அடுத்த மரத்துக்குப் போகட்டுமே என்றுதான் நினைக்க வரும். ஈந்தங்கொட்டையை ஊறவைக்க ஓடை வேண்டும் என்று ஒரு நாவலில் படித்திருந்தால், ஓடையை அடைக்கும்போது அடுப்பும் அணைகிறது என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

காட்டைப் பற்றி எழுத ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் கையெழுத்துப் பிரதி கொண்டுவருவதுண்டு. நான் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். இந்த விருந்து எந்த மாதத்தில் நடக்கிறது? இதை இடித்தது யார்? உப்பு எங்கிருந்து வந்தது? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலோர் விழித்துவிடுகிறார்கள். காட்டில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. சங்கப் புலவர்கள் அதற்காகத்தான் உமணரை வண்டியோடு மலைவழியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டி வந்து நின்றால் அதன் பின்னாலேயே விலை வரும், கடன் வரும், வெளியுலகம் முழுவதும் வரும். நல்ல நாவல் அங்கேதான் தொடங்குகிறது.