கல்வியியல் ஆய்வும் வகுப்பறை நடைமுறையும் – ஒரு விமர்சன நோக்கு

கல்வி பற்றிய கொள்கைகள் பல்கலைக்கழகங்களிற் பிறந்து, திணைக்களங்களின் வழியாகப் பாடசாலைகளைச் சென்றடைகின்றன என்பது எம்மிடையே வேரூன்றிய எண்ணமாகும். இதன்படி ஆய்வாளர் சிந்திப்பவர், ஆசிரியர் செய்பவர். இவ்விருவரையும் பிரித்து நிறுத்தியமையே எமது கல்விச் சீர்திருத்தங்கள் பல வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டமைக்கு முக்கிய காரணம் என எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவராகிய எமக்கு இது புறத்தே நின்று பேசும் விடயமன்று. எம்மிற் பலர் பட்டம் பெற்றபின் ஆசிரியராகவே செல்வர். விரிவுரையில் இன்று எழுதிக்கொள்ளும் குறிப்புகள் நாளை வெண்கட்டி பிடிக்கும்போது எவ்வாறு உதவும் என்ற வினாவை நாம் இப்பொழுதே கேட்டல் வேண்டும்.

மழையும் மளையும்

பொதுப்படப் பேசுவதைத் தவிர்த்து, நான் நன்கறிந்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குகின்றேன். எனது ஊர் வலிகாமத்திலுள்ள சண்டிலிப்பாய். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் அந்தாதி பெற்ற கல்வளைப் பிள்ளையார் கோயில் கொண்ட ஊர். ஆரம்ப வகுப்பிற் படித்த காலத்தில் நான் 'மழை' என்பதை 'மளை' என்றும், 'பழம்' என்பதைப் 'பளம்' என்றும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டது. "வடிவாய்க் கேட்டு எழுது" என்று சொல்லி ஐம்பது தடவை எழுதுவித்தார்கள். நான் வடிவாய்த்தான் கேட்டேன். என் காதில் விழுந்தது ளகரமே.

என்னோடு படித்த மாணவன் ஒருவன் சொல்வதெழுதல் உள்ள நாட்களிற் பாடசாலைக்கு வருவதையே தவிர்த்தான். பின்னர் ஒன்பதாந் தரத்தோடு படிப்பை விட்டான். அதற்கு எழுத்துப்பிழை மட்டுமே காரணம் எனக் கூறேன். வீட்டு நிலைமையும் இருந்தது. ஆயின் தான் ஒரு மொக்கன் என்று அவன் முதன்முதலாக நம்பத் தொடங்கியது அந்தச் சொல்வதெழுதற் பாடத்திலேதான்.

ஏட்டில் இருந்த விடை

பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்றபோதுதான் இதற்கு விடை கிடைத்தது. யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. சொல்வதெழுதல் சொல்லும் ஆசிரியரின் வாயிலும் அது அவ்வாறே. காதினால் வேறுபடுத்த இயலாத ஒன்றைக் கேட்டு எழுதுமாறு பணித்தல் கற்பித்தலாகாது; மிகுந்த வாசிப்பினாலும் கண்ணின் நினைவினாலுமே இவ்வேறுபாடு மனத்திற் படியும். மறுபுறம், தமிழகப் பேச்சிற் 'காத்து', 'நேத்து' எனத் திரிந்துவிட்ட 'காற்று', 'நேற்று' என்னுஞ் சொற்களில், றகர இரட்டையின் ஒலியை எமது பேச்சு இன்றும் பேணிவருகின்றது. தமிழகப் பிள்ளை தடுமாறும் அவ்விடத்தில் எமது பிள்ளைக்குக் காதே துணை செய்கின்றது. ஒரு பிரதேசத்துப் பிள்ளைக்கென வகுத்த பயிற்சியை இன்னொரு பிரதேசத்துக்கு அப்படியே எடுத்துவரலாகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

சுட்டுச் சொற்களின் நிலையும் இத்தகையதே. இது, அது என்பவற்றோடு முன்னிலையாரிடத்துள்ள பொருளைச் சுட்ட 'உது' என்பதையும் எமது ஊர்ப் பிள்ளை நாள்தோறும் வழங்குகின்றது. அதனைக் கொப்பியில் எழுதினால் பிழை எனக் கோடு விழும். அதே பிள்ளை உயர்தரத்தில் நன்னூல் படிக்கும்போது அ, இ, உ என மூன்று சுட்டெழுத்துகள் உள எனப் புதிதாகக் கற்கின்றது. வீட்டில் இருந்ததை முதலில் அழித்து, பின்னர் அதனையே இலக்கணமாகப் புகட்டுதல் விந்தையான கல்விமுறையன்றோ?

இவையெல்லாம் ஆராயப்படாத விடயங்கள் அல்ல. பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பு, உறவுப் பெயர்கள், சமூக வழக்குகள் ஆகியன பற்றிப் பல ஆய்வுகளைச் செய்தவர். அவற்றுட் பல ஆங்கிலத்தில் வெளிவந்தன. மொழியியலாளர் அவற்றைப் போற்றுவர். ஆயின் அவ்வறிவு இரண்டாந் தரத்து ஆசிரியையின் மேசையை வந்தடைய வழியொன்று அமைக்கப்படவில்லை. ஆய்வும் இருந்தது, அதனை வேண்டிநின்ற வகுப்பறையும் இருந்தது. இடையிற் பாதைதான் இருக்கவில்லை.

எனக்குப் பெரியம்மா முறையான ஆசிரியை ஒருவர் பல ஆண்டுகள் ஆரம்ப வகுப்புகளிற் கற்பித்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் பிழைகளை அவர் ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிவந்தார். குற்று, அரவு, கொம்பு விடுபடுவன 'கைப்பிழை'. ழகர ளகர மயக்கம் போல்வன 'காதுப்பிழை'. கைப்பிழைக்கு எழுத்துப் பயிற்சியும், காதுப்பிழைக்கு வாசிப்பும் சொல் அட்டையும் கொடுத்தார். மொழியியல் என்ற துறையை அவர் கற்றதில்லை. ஆயினும் மொழியியல் சென்றடைந்த முடிவின் அருகே தாமாகவே வந்து நின்றார். மேற்பார்வைக்கு வந்தோர் பாடக்குறிப்பில் நாளும் கையொப்பமும் உளவா எனப் பார்த்துச் சென்றனர். அக்கொப்பியை ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஓய்வுபெற்றதும் அது வீட்டு அலுமாரிக்குள் போயிற்று.

பிரிந்திராத காலம்

இப்பிரிவினை எமது கல்வி வரலாற்றில் என்றும் இருந்ததன்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரத்தோடு மீண்டார். பாலபாட நூல்களை எழுதிப் பதிப்பித்தார். பாடசாலை நடத்தியவரே பாடநூலை ஆக்கினார், ஆக்கியவரே அச்சிட்டார். அவருடைய சமூக நோக்கின் சாதி வரம்புகள் மறைக்கத்தக்கனவல்ல. எனினும் கற்பித்தற் கொள்கையும் கற்பித்தற் செயலும் ஒருவரிடத்தே ஒன்றுபட்டிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. மேலை நாட்டிலும் ஜோன் டூயி 1896இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுப் பாடசாலையை நிறுவி, தமது கொள்கையைப் பிள்ளைகளின் நடுவே சோதித்தார். 'செயல்வழிக் கற்றல்' என நாம் பரீட்சைக்கு மனனஞ் செய்வது அத்தகைய முயற்சியின் விளைவேயாகும்.

மேலிருந்து இறங்கிய சீர்திருத்தங்கள்

சுதந்திரத்தின் பின்வந்த சீர்திருத்தங்களை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். 1972இல் அறிமுகமான தொழின்முன்னிலைப் பாடங்கள் அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்களை வகுப்பறைக்குக் கொண்டுவர முனைந்தன. புகையிலையும் வெங்காயமும் பயிரிடும், பனையோடு வாழும் வலிகாமத்துக்கு இதனினும் பொருத்தமான கருத்து வேறு யாது? ஆயினும் ஆசிரியர் போதிய ஆயத்தமின்றியே அதனை ஏற்க நேர்ந்தது; தம் பிள்ளைகளின் உத்தியோக வழி அடைபடுமோ எனப் பெற்றோர் ஐயுற்றனர்; 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் திட்டம் கைவிடப்பட்டது.

1997இன் சீர்திருத்தப்படி விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூவகைக் கற்றல் 1999 முதல் நாடெங்கும் முதலாந் தரத்தில் இடம்பெற்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் இடம்பெயர்ந்து, 1996இல் மீண்டு வந்த வலிகாமப் பாடசாலைகளின் நிலைமை கொழும்பின் நிலைமையினின்றும் பெரிதும் வேறுபட்டது. சுற்றறிக்கை இரண்டுக்கும் ஒன்றே. 2007இல் ஆறாம், பத்தாந் தரங்களோடு தொடங்கிய 'ஐந்து ஈ' முறை அமெரிக்க விஞ்ஞானக் கல்வியில் உருவானது. ஈடுபடல், தேடியறிதல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளும் சிறந்தனவே. ஆனால் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அவை பாடக்குறிப்பில் மட்டும் நிறைவேறுவதை நாம் மாணவராயிருந்தே கண்டோம். மாலையில் ரியூசன் கொட்டிலில் பழைய வினாத்தாள்கள் நடந்தன. பரீட்சை மாறாதவிடத்துக் கொள்கை மாற்றம் குறிப்பேட்டு மாற்றமாகவே முடியும்.

இச்சீர்திருத்தங்களின் கருத்துகள் தவறானவை என்பது எனது வாதமன்று. ஆசிரியர் அவற்றைச் சோதித்து, "இது இங்கு பொருந்தும், இது பொருந்தாது" எனத் திருப்பிச் சொல்லும் வழி வைக்கப்படவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

அனுபவம் மட்டும் போதுமா?

இதனைக் கேட்டு, "கோட்பாடு எல்லாம் வீண், அனுபவமே ஆசான்" என்பாரும் உளர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. ழகரம் பிழைத்த பிள்ளை கவனமற்றது என்ற முடிவும் நெடுங்கால அனுபவத்தின் பெயராலேயே நிலைபெற்றது. சோதிக்கப்படாத அனுபவம் பழக்கமாக இறுகிவிடுகின்றது. என் பெரியம்மாவின் கொப்பிகூட, பிழை எங்கே நிகழ்கின்றது என்பதைக் காட்டியதேயன்றி, அது ஏன் நிகழ்கின்றது என்பதை விளக்கவில்லை. அந்த 'ஏன்' மொழியியலிடம் இருந்தது. மொழியியலிடம் இல்லாத வேறொன்று, அதாவது பிள்ளைக்கு நாளைக் காலை எதைக் கொடுப்பது என்பது, கொப்பியில் இருந்தது.

இங்கிலாந்தின் லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட கலைத்திட்டம் பற்றிய நூலில் ஆசிரியரையே ஆய்வாளராகக் கண்டமை இவ்விடைவெளியை நோக்கியேயாகும். செயல்நிலை ஆய்வு என்ற பெயரில் இக்கருத்து எமது ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் வந்துள்ளது. ஆயின் அது புள்ளிக்காக எழுதப்பட்டு, கட்டப்பட்டு, அடுக்கப்படும் ஒப்படையாகிவிடும் அபாயம் பெரிது. ஆசிரியரின் சொந்த ஐயத்திலிருந்து பிறவாத ஆய்வு அவருக்கே பயன்படாது.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களை வரைவது எமது தகுதிக்கு அப்பாற்பட்டது. எனினும் மூன்று சிறு செயல்கள் எம்மால் இயலும். முதலாவதாக, தமிழ்ப் பிள்ளைகளின் மொழியும் கற்றலும் பற்றி எமது பீடத்தில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளை ஆசிரியருக்கு விளங்குந் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, இம்மலரின் பின்னிணைப்பாக ஆண்டுதோறும் வெளியிடலாம். இரண்டாவதாக, விடுமுறையில் ஊர் திரும்பும் நாம் எமது கோட்டத்து ஆசிரியரிடஞ் சென்று, அவர்கள் விடை தேடும் வினாக்களைக் கேட்டு எழுதிவரலாம்; எமது ஆய்வுத் தலைப்புகள் சில அவற்றிலிருந்து பிறக்கட்டும். மூன்றாவதாக, நாளை நாம் ஆசிரியராகும்போது ஒரு கொப்பியையேனும் திறந்து வைத்தல் வேண்டும்.

பெரியம்மாவின் கொப்பியைச் சென்ற விடுமுறையிற் கேட்டு வாங்கினேன். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. பக்கங்கள் பல வாசிக்கத்தக்க நிலையில் இருந்தன. அதிலுள்ள சொற்களை வகைப்படுத்தத் தொடங்கியுள்ளேன். அம்முயற்சி நிறைவுறும்போது அதன் முதற்பிரதி நூலகத்துக்குச் செல்வதற்கு முன்னர் எனது ஊரின் ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒருவரின் கைக்குச் செல்லும்.