சாவின் கணக்கும் சமுதாயமும்

வைத்திய ஆய்வொன்றை இலக்கிய ஏட்டில் விமர்சிப்பது முறையா எனச் சிலர் வினவலாம். மனிதன் ஏன் சாகிறான் என்ற கேள்விக்கு விடை காண முனையும் எந்த எழுத்தும் இலக்கிய வாசகனின் கவனத்துக்கு உரியதே. 2020 மார்ச்சில் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்த வூகான் ஆய்வு அத்தகைய எழுத்தாகும்.

வூகான் நகரின் இரு வைத்தியசாலைகளில் கொரோனா நோயுடன் அனுமதிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜனவரி 31க்குள் வீடு திரும்பிய அல்லது உயிர் நீத்த 191 பேரின் பதிவுகளை ஆய்வாளர் எடுத்துக்கொண்டனர். 137 பேர் பிழைத்தனர். 54 பேர் இறந்தனர். இவ்விரு சாராரையும் பிரித்தது எது? அவர்கள் மூன்று காரணிகளை முடிவாகக் கூறினர். ஒன்று, முதுமை. இரண்டு, அனுமதிக்கப்படும் வேளையிலேயே சுவாசப்பை, இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் எவ்வளவு தளர்ந்திருந்தன என்பதைக் காட்டும் புள்ளி. மூன்று, குருதியில் 'டி-டைமர்' எனும் பொருளின் மிகுதி; உறைந்த குருதி கரையும்போது தோன்றும் துணுக்கு அது. இறந்தோருள் 48 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. பிழைத்தோருள் 23 சதவீதத்தினருக்கே இருந்தது.

இவ்வாய்வின் பெருமை வெளிப்படை. 'விதி முடிந்தது' என்று உலகம் கைவிரித்த வேளையில், எவரை முதலில் காக்க வேண்டும் என்று அது வைத்தியருக்குச் சுட்டியது. விதியைக் காரணமாக மாற்றுவதே விஞ்ஞானத்தின் முதற் கடமை.

எனினும், அதன் அட்டவணையில் ஒரு வரி நம்மை நிறுத்துகிறது. நோய் கண்ட நாள் முதல் வைத்தியசாலை சேரும் நாள்வரை கழிந்த காலத்தின் நடு அளவு, இறந்தோருக்கும் 11 நாள். பிழைத்தோருக்கும் 11 நாள். ஆகவே தாமதம் ஒரு காரணியாகத் தென்படவில்லை. ஆனால் தாமதம் தீங்கற்றது என்பதா இதன் பொருள்? அன்று! இரு சாராரும் ஒரே அளவு பிந்தினர் என்பதே பொருள். எல்லோருக்கும் பொதுவான துன்பம், ஒருவரை மற்றவரோடு ஒப்பிடும் கணக்கில் மறைந்துவிடுகிறது.

இந்த உண்மையை மலையகத்திலே பொருத்திப் பாருங்கள். உடப்புசல்லாவைத் தோட்டத் தொழிலாளரின் நோய்ப் பதிவுகளை மட்டும் எடுத்து நாளை ஓர் ஆய்வு நடக்கிறது என்று கொள்வோம். வயது தென்படும், நீரிழிவு தென்படும். லயம் தென்படாது, ஏனெனில் இறந்தவரும் பிழைத்தவரும் லயத்திலிருந்தே வந்திருப்பர். தாத்தாவும் பேரனும் ஒரே காம்பராவில் உறங்கும் வீட்டில் 'தனித்திருங்கள்' என்ற அறிவுரைக்கு எந்த மூலையில் இடம் உண்டு? 2020 மார்ச்சில் நாடு ஊரடங்கில் கிடந்தபோதும் தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது; கொழுந்து பறிக்கப்பட்டது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றால், கிளினிக்குக்குப் போய் அழுத்த மாத்திரை வாங்குவதும் ஒரு நாட்கூலியின் இழப்பே. 'பிற நோய்' என்று அட்டவணை எழுதுவதிலும் கூலியின் கணக்கு ஒளிந்திருக்கிறது.

இது வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. அதே 2020இல் இங்கிலாந்தில் ஒரு கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வறிய பகுதிகளில் வாழ்வோர் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்றும், அவர்களிடமிருந்த பிற நோய்கள் அம்மிகுதியின் சிறு பகுதியையே விளக்கும் என்றும் கண்டனர். செல்வரும் வறியரும் ஒரே கணக்கில் வந்ததால் வறுமை கண்ணுக்குத் தெரிந்தது. கிருமிக்கு ஏழை, பணக்காரன் பேதமில்லை என்று அந்நாட்களில் ஓயாது கேட்ட பேச்சு எத்தகைய பொய் என்பதை இது காட்டவில்லையா?

ஒப்பீடு காணாததைக் காண்பது இலக்கியத்தின் பணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கிப் புதுமைப்பித்தன் படைத்த 'துன்பக்கேணி'யில் நோய் வானத்திலிருந்து விழவில்லை. தோட்ட வாழ்விலிருந்தே வருகிறது. கொரோனாவைப் பற்றி எழுதும் நம் எழுத்தாளரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்தப் பார்வையையே. கண்ணீர் அஞ்சலிகள் போதும். வைத்தியரின் கணக்கு வைத்தியசாலை வாசலில் தொடங்குகிறது. அதற்கு முந்திய 11 நாட்களை எழுத வேண்டியவர்கள் நாமே.