ஒரு பக்கம் சாய்கிற சொற்கள்

மனம் ஒரு பக்கமாகச் சாய்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் உண்டு. டெண்டென்சி, இன்க்ளினேஷன், டிஸ்பொசிஷன், ப்ரொபென்சிட்டி, ப்ரொக்ளிவிட்டி, ப்ரெடிலெக்ஷன், பென்ச்சன்ட், பயஸ், பெண்ட் என்று வரிசை நீளும். சாதாரண அகராதி ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்து நம்மைச் சுற்றவிடும். நல்ல எழுத்தாளரின் வாக்கியத்திலோ இவற்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை நட முடியாது. சாய்கிற ஆளுக்கு அந்தச் சாய்வில் எவ்வளவு பொறுப்பு என்பதை ஒவ்வொரு சொல்லும் நிறுத்துச் சொல்கிறது. இந்தக் குடும்பத்தின் மேல் எனக்குள்ள தீராத பிரியத்துக்கு அதுவே காரணம்.

பீட்டர் மார்க் ரோஜட் என்ற மருத்துவர் 1852இல், தமது 73ஆம் வயதில், ஆங்கிலச் சொற்களை 1000 தலைப்புகளில் கருத்துவாரியாக அடுக்கித் 'தெசாரஸ்' நூலை வெளியிட்டார். நிகண்டுகளைப் புரட்டிய தமிழ் வாசகருக்கு அந்த ஏற்பாடு அந்நியமாகப் படாது. அதன் பழைய பதிப்புகளில் நம் சொற்கள் இரண்டு இடங்களில் அகப்படுகின்றன. ஒரு கூட்டம் ஆற்றல், விளைவு ஆகியவை பேசப்படும் பகுதியில், டெண்டென்சி என்ற தலைப்பின் கீழ். இன்னொரு கூட்டம் வெகுதூரம் தள்ளி, உணர்ச்சிகளின் பகுதியில், ஆசை என்ற தலைப்பின் கீழ். இன்க்ளினேஷனுக்கும் ப்ரொபென்சிட்டிக்கும் இரண்டு வீட்டிலும் இடம் உண்டு. ஒன்று பொருளின் குணத்தால் நடப்பது, மற்றொன்று மனத்தின் விருப்பத்தால் நடப்பது, எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவை நடுவே. ரோஜட் இதை விளக்கிச் சொல்லவில்லை, அடுக்கிய விதத்திலேயே காட்டிவிட்டார்.

இரும்பு துருப்பிடிக்கும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். இதற்கெல்லாம் டெண்டென்சி போதும். அதில் பழியும் இல்லை, பாராட்டும் இல்லை. இன்க்ளினேஷன் மனிதருக்கு உரியது. சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளலாம் என்ற சுதந்திரம் அதில் இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலேயர் ஒரு வேண்டுகோளை நயமாக மறுக்க நினைக்கும்போது அதன் வினைவடிவத்தை நாடுகிறார்கள். ப்ரெடிலெக்ஷன் இவை எல்லாவற்றிலும் உயர்குலம். அதன் லத்தீன் வேரில் அன்பும் தேர்வும் சேர்ந்தே இருக்கின்றன. எத்தனையோ இசையைக் கேட்டுத் தேர்ந்த ஒரு காது இசையமைப்பாளர் பாக்கின் இசையிடம் மட்டும் தனியாக உருகுகிறது என்றால் அது ப்ரெடிலெக்ஷன். இரும்புக்கும் தண்ணீருக்கும் அது ஒருநாளும் வாய்க்காது.

ப்ரொபென்சிட்டியும் பென்ச்சன்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை அறிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை. தொங்குதல், எடையால் கீழிறங்குதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினைதான் இரண்டுக்கும் மூலம். மூத்தது 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் படித்தவர்களின் ஏடுகள் வழியே நேராக வந்தது. இளையது பிரெஞ்சு வீட்டில் வளர்ந்து 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தது. பிரிட்டனில் பலர் இன்றும் அதைப் பிரெஞ்சு மூக்கொலியோடு 'பான்ஷான்' என்கிறார்கள், அமெரிக்கர் 'பென்ச்சன்ட்' என்கிறார்கள். மூத்ததில் எடை மட்டும் தங்கியது. வன்முறை, பொய், கடன் வாங்குதல் போன்றவற்றோடு அது தயக்கமின்றிச் சேரும். இளையதில் ருசியும் ஒரு புன்னகையும் சேர்ந்துகொண்டன. பளிச்சென்ற கழுத்துப்பட்டைகள், பழைய ரயில் அட்டவணைகள், துப்பறியும் கதைகள் ஆகியவற்றின் மேல் ஒருவருக்கு இருப்பது பென்ச்சன்ட். அதை எவரும் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம். ப்ரொக்ளிவிட்டியை அப்படிச் சொல்லிக்கொள்கிறவர் அரிது. சரிவு என்ற லத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது, கால் வைத்தால் இறக்கம்தான். பன்மையில் வந்தால் பெரும்பாலும் அடுத்தவரின் படுக்கையறை விஷயம், குரலைத் தாழ்த்திப் பேசப்படுவது.

இந்த வேறுபாடுகளை வைத்து ஒரு பெண் ஓர் ஆணை வீழ்த்துவதைப் பார்க்க வேண்டுமானால் ஜேன் ஆஸ்டினிடம் போக வேண்டும். 1813இல் வந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் 11ஆம் அத்தியாயத்தில் டார்சியும் எலிசபெத்தும் மனிதக் குறைகளைப் பற்றி வாதாடுகிறார்கள். டார்சி தத்துவம் பேசுகிறவரைப் போல, எல்லா மனிதருக்கும் பொதுவாக வைத்து, டிஸ்பொசிஷன் என்றும் டெண்டென்சி என்றும் பேசுகிறார். குறையைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளாத இரண்டு சொற்கள் அவை. எலிசபெத் அந்தப் பேச்சின் தோரணையைக் கலைக்காமல், ஒரே ஒரு சொல்லை மட்டும் கனமாக்கித் திருப்பித் தருகிறாள். உலகத்தார் அனைவரையும் வெறுப்பதில் அவருக்குள்ளதை அவள் ப்ரொபென்சிட்டி என்கிறாள். பொதுவான இயல்பாக மிதந்துகொண்டிருந்த ஒன்று ஒரு நொடியில் அந்த மனிதரின் சொந்த எடையாகிவிடுகிறது. அங்கே அவள் பென்ச்சன்ட் என்று சொல்லியிருந்தால் கொஞ்சலாகப் போயிருக்கும். ப்ரொக்ளிவிட்டி என்றால் அவமதிப்பு. ஆஸ்டினின் காது தவறவே இல்லை.

பயஸ் தனிக் கதை. இன்று நீதிபதி, பத்திரிகை, கணினி என யாரைப் பற்றியும் குற்றச்சாட்டாகவே கேட்கிறோம். ஆனால் சாய்வான கோணம் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அது, இங்கிலாந்தின் புல்வெளியில் ஆடும் பௌல்ஸ் விளையாட்டில்தான் முதிர்ந்தது. அந்தப் பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்கம் கனத்தாலோ வடிவத்தாலோ வேறுபட்டிருக்கும், அந்த வேறுபாட்டுக்கே பயஸ் என்று பெயர். வேகமாக விட்டால் பந்து ஏறக்குறைய நேராக ஓடும். வேகம் தணியத் தணிய வளைவு கூடும், நிற்கப்போகும் நேரத்தில் நன்றாகத் திரும்பும். தேர்ந்த ஆட்டக்காரர் அதைத் திருத்த முயல்வதில்லை. குறியை விட்டு விலக்கி உருட்டி, பயஸே பந்தைக் குறிக்குக் கொண்டுபோகும்படி விடுகிறார். ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ் தன் மகனை வேவு பார்க்கச் சொல்லிக்கொடுக்கும்போது, சுற்றி வளைத்து உண்மையை அடையும் தந்திரத்துக்கு இந்த ஆட்டத்தின் சொல்லைத்தான் எடுக்கிறான். உந்தித் தள்ளும்போது மறைந்திருந்து, உந்துதல் ஓயும்போது வெளிப்படுகிற சாய்வு என்ற இந்த நுட்பம் வேறெந்தச் சொல்லிலும் இல்லை. டிரான்ஸிஸ்டருக்கு வேண்டுமென்றே கொடுக்கும் மின்னழுத்தத்துக்கும், 45 பாகைக் கோணத்தில் துணி வெட்டுவதற்கும் இதே பெயர் இருப்பது எனக்கு ஆறுதல். திட்டுச்சொல்லாக மட்டும் அது சுருங்கிவிடக் கூடாது.

அறிஞர்கள் தம் சொல்லைப் பொறுக்கிய விதமும் கவனிக்கத் தக்கது. மனிதன் பண்டமாற்றுச் செய்கிற இயல்புக்கு ஆடம் ஸ்மித் 1776இல் ப்ரொபென்சிட்டி என்றார். 1936இல் கெய்ன்ஸ் மக்கள் செலவழிக்கும் பாங்குக்கும் அதையே வைத்தார். கூடுதலாகக் கிடைத்த 100 ரூபாயில் 80 செலவானால் அந்தப் பாங்கு 0.8. கார்ல் பாப்பர் 1959இல் நிகழ்தகவையே உலகின் ஒரு ப்ரொபென்சிட்டியாக விளக்கினார். எடை என்ற வேர்ப்பொருள்தான் அதை அளவைக்கு ஏற்றதாக்கியது என்று நினைக்கிறேன். பென்ச்சன்டுக்கு எண் கொடுக்க யாருக்குத் தோன்றும்?

சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவரின் பழைய நடத்தையைக் காட்டி இந்தக் குற்றத்தையும் அவரே செய்திருப்பார் என்று வாதிடும் சாட்சியத்தை ஆஸ்திரேலியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் டெண்டென்சி என்று அழைக்கிறது. அடுத்த கரையில் நியூசிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது ப்ரொபென்சிட்டி. குற்றம் இன்னும் நிரூபணமாகாத ஒருவரைக் குறிப்பதால் ஆஸ்திரேலியச் சொல்லே நியாயமானது என்பது என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெண்ட். லத்தீன் குடும்பத்துக்கு நடுவே ஒற்றை அசையில் நிற்கும் பழைய ஆங்கில வேர்ச்சொல். அதன் மூலவினைக்கு வில்லை நாணேற்றி வளைத்தல் என்று பொருள். கணக்கிலோ மரவேலையிலோ ஒரு பிள்ளைக்கு இருக்கும் இயல்பான பிடிப்பைச் சொல்ல இது ஒன்றே பொருந்தும். மற்றவை எடையால் இறங்குகின்றன, சரிவில் போகின்றன. பெண்ட் மட்டும் இழுத்துக் கட்டிய விசையோடு, எய்யத் தயாராக இருக்கிறது.