ஒளியிழைக் கீற்றணி உருவாக்கத்தில் 'குறைந்த செலவு' என்னும் அளவுகோல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழைக் கீற்றணிகளை எளிய கருவிகளால் உருவாக்கும் முறைகள் 'குறைந்த செலவு' என்னும் அடைமொழியோடு ஆய்வுலகில் முன்வைக்கப்படுகின்றன. அவ்வடைமொழி எதனை அளக்கிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உருவாக்கும் கருவியின் விலையை மட்டும் கொண்டு ஒரு முறையை மலிவானது எனக் கூறுதல் பொருந்தாது. கீற்றணியின் வகை, மீளுருவாக்கத் திறன், வாசிப்புக் கருவியின் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: ஒளியிழை, பிராக் கீற்றணி, நெடுங்காலக் கீற்றணி, கட்ட மறைப்புத் தகடு, மின்வில், வாசிப்புச் செலவு.

முன்னுரை

ஒளியிழை உள்ளகத்தின் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளிகளில் மாற்றியமைத்தால் அவ்விழைப்பகுதி கீற்றணியாகிறது. 1978ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் கென்னத் ஹில்லும் அவருடன் பணியாற்றியோரும் ஜெர்மானியம் கலந்த இழையினுள் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தியபோது இவ்விளைவைக் கண்டறிந்தனர். அவ்வாறு உருவான கீற்றணி, எழுதிய ஒளியின் அலைநீளத்தை ஒட்டியே இயங்கியமையால் அதன் பயன் குறுகியதாக இருந்தது. 1989இல் மெல்ட்ஸ், மோரி, கிளென் ஆகியோர் 244 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களை இழையின் பக்கவாட்டில் குறுக்கிடச் செய்து அத்தடையை நீக்கினர். 1993இல் கட்ட மறைப்புத் தகட்டு முறை அறிமுகமானது. இதன்பின் கீற்றணி உருவாக்கம் ஆய்வகத்திலிருந்து தொழிற்கூடத்திற்கு நகர்ந்தது.

நிதி வளம் குறைந்த ஆய்வகங்களால் இத்துறையில் நுழைய இயலுமா என்னும் வினாவிலிருந்தே 'குறைந்த செலவு' முறைகள் சிறப்புப் பெறுகின்றன. ஆகவே அவ்வடைமொழியின் பொருளை வரையறுத்தல் இன்றியமையாததாகிறது.

விலையுயர்ந்த முறையின் மலிவு

1550 நானோமீட்டர் ஒளியை எதிரொளிக்கும் பிராக் கீற்றணியின் வரியிடைவெளி ஏறத்தாழ 535 நானோமீட்டர் ஆகும். இதனை எழுதும் மறைப்புத் தகட்டின் வரியிடைவெளி அதன் இருமடங்கு. இத்துணை நுண்மையான தகடும் புறஊதா லேசரும் விலை மிகுந்தவை. சாதாரணத் தொலைத்தொடர்பு இழையின் ஒளியுணர்திறன் போதாமையால், அதனை உயர் அழுத்த ஹைட்ரஜனில் பல நாட்கள் வைத்திருக்கவும் நேர்கிறது. எழுதிய பின் ஹைட்ரஜன் வெளியேறும்போது எதிரொளிப்பு அலைநீளம் நகர்வதால், வெப்பப் பதப்படுத்தலும் தேவைப்படுகிறது.

எனினும் ஒரே தகட்டைக் கொண்டு ஒரே அலைநீளத்தில் எண்ணற்ற கீற்றணிகளை எழுத இயலும். இழை உருக்கி இழுக்கப்படும்போதே, மேற்பூச்சு இடப்படும் முன்னர், ஒற்றை லேசர்த் துடிப்பால் கீற்றணி எழுதும் முறையும் உள்ளது. எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு கீற்றணிக்கான செலவு குறைகிறது. அதாவது முதலீட்டில் விலையுயர்ந்த முறை, உற்பத்தியில் மலிவானதாக மாறக்கூடும். மேலும், முதலீடு என்பதும் இடத்திற்கேற்ப மாறும். இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் தாமிர ஆவி லேசரின் இரண்டாம் சீரிசையான 255 நானோமீட்டர் கதிர் கீற்றணி எழுதப் பயன்படுத்தப்பட்டது. தாமிர ஆவி லேசரில் முன்னரே தேர்ச்சி பெற்ற நிறுவனத்திற்கு அவ்வழி இயல்பானது, பிறர்க்கு அவ்வாறன்று.

மலிவான முறையின் விலை

நெடுங்காலக் கீற்றணிகளின் வரியிடைவெளி சில நூறு மைக்ரோமீட்டர் ஆகும். 1996இல் வெங்சர்க்காரும் உடன் ஆய்வாளர்களும் இவற்றை ஒளி வடிகட்டிகளாக விளக்கிக் காட்டிய பின்னர், புறஊதா லேசரே இன்றி இவற்றை உருவாக்கும் வழிகள் வளர்ந்தன. மின்வில் முறையில், மேற்பூச்சு நீக்கிய இழை இரு மின்முனைகளுக்கு இடையே வைக்கப்படுகிறது. ஒரு முனை நகர்மேடையில் பொருத்தப்பட, மறுமுனையில் சிறு எடை தொங்கவிடப்படுகிறது. இழைகளை இணைக்கப் பயன்படும் ஸ்ப்ளைசர் கருவியே மின்வில்லைத் தந்துவிடுகிறது. ஒளியுணர்திறன் தேவையில்லை, ஹைட்ரஜனும் தேவையில்லை. இவ்வகைக் கீற்றணிகள் சாதாரணப் புறஊதாக் கீற்றணிகளைக் காட்டிலும் உயர்ந்த வெப்பநிலையைத் தாங்குகின்றன என்பது இதன் உண்மையான வலிமை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிரால் இழையைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கும் முறையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. வரிப்பள்ளமிட்ட தகட்டால் இழையை அழுத்தும் முறை இவற்றினும் எளியது. ஆயின் அழுத்தம் நீங்கினால் அக்கீற்றணியும் மறைந்துவிடும்.

இம்முறைகளின் குறை மீளுருவாக்கத்தில் உள்ளது. மின்முனைகள் தேய்கின்றன, மின்வில்லின் நிலை காற்றின் ஈரப்பதத்திற்கேற்ப மாறுகிறது, தொங்கும் எடை சிறிது மாறினாலும் இழையின் மெலிவு மாறுகிறது. பத்து முயற்சிகளில் சிறந்த ஒன்றின் நிறமாலையை மட்டும் வெளியிடும் ஆய்வு, எஞ்சியவற்றின் செலவை மறைத்துவிடுகிறது.

ஒப்பீட்டில் நேரும் பிழை

மின்வில் கீற்றணியைப் புறஊதா பிராக் கீற்றணிக்கு மலிவான மாற்றாக முன்வைப்பது வகைப்பிழையாகும். பிராக் கீற்றணி குறுகிய அலைநீளப் பட்டையைப் பின்னோக்கி எதிரொளிக்கிறது. ஒரே இழையில் பல கீற்றணிகளை வரிசையாக அமைத்துத் தனித்தனியே வாசிக்கலாம். நெடுங்காலக் கீற்றணி ஒளியை உறைப்பகுதிக்குத் திருப்புகிறது. ஊடுருவும் ஒளியில் அகன்ற இழப்புப் பட்டைகளைத் தோற்றுவிக்கிறது. சூழ்பொருளின் ஒளிவிலகல் எண்ணை உணர்வதில் அது சிறந்தது. ஆனால் இழையின் வளைவையும் அது உணர்வதால், களத்தில் அளவீடு குழம்புகிறது. பணி வேறுபடும்போது விலையை ஒப்பிடுவது பொருளற்றது.

வாசிப்புச் செலவு

1550 நானோமீட்டர் பகுதியில் பிராக் கீற்றணியின் அலைநீளம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் மட்டுமே நகர்கிறது. இந்நகர்வைக் காணும் நிறமாலைப் பகுப்பாய்வியின் விலை ஒரு கீற்றணியின் விலையைவிடப் பன்மடங்கு மிகுதி. எனவே கீற்றணியின் விலையைக் குறைப்பதால் மட்டும் உணரியின் முழுச்செலவு குறைந்துவிடாது. இவ்விடத்தில்தான் மலிவான முறை தனக்குரிய பணியைப் பெறுகிறது. நெடுங்காலக் கீற்றணியின் சரிந்த நிறமாலை விளிம்பு, பிராக் கீற்றணியின் அலைநீள நகர்வை ஒளிச்செறிவு மாற்றமாகப் பெயர்த்துத் தரும் வடிகட்டியாகப் பயன்படும். அப்போது பகுப்பாய்விக்கு மாற்றாக ஒளி டையோடுகளே போதும். பிராக் கீற்றணியை விலைக்கு வாங்கி, அதனை வாசிக்கும் வடிகட்டியை ஆய்வகத்திலேயே மின்வில்லால் உருவாக்குதல் நிதி குறைந்த ஆய்வகத்திற்கு ஏற்ற வழியாகும். வளைவு உணர்வும் இங்கு இடராகாது. வடிகட்டி களத்தில் இல்லாமல் வாசிப்புப் பெட்டிக்குள் நேராகப் பொருத்தப்பட்டிருக்கும்.

முடிவுரை

'குறைந்த செலவு' என்பது ஒரு முறையின் நிலையான பண்பன்று. எண்ணிக்கை, பணி, இருக்கும் கருவி ஆகியவற்றைப் பொறுத்த உறவு. இச்சொல்லை நம்பியே வளர்ந்துவரும் ஆய்வகங்கள் தம் சிறு நிதியைக் கருவிகளில் முடக்குகின்றன. எனவே அச்சொல்லை ஆளும் ஆய்வு, எத்தனை முயற்சிகளில் எத்தனை கீற்றணிகள் ஏற்புடையனவாக அமைந்தன, அவற்றின் அலைநீளச் சிதறல் எவ்வளவு, எக்கருவியால் அவை வாசிக்கப்பட்டன என்னும் மூன்றையும் தெரிவித்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்து 'குறைந்த செலவு' என்பது ஆய்வு முடிபாகாது, விளம்பரமாகவே நிற்கும்.