பொம்மையும் பைத்தியமும்: இரு திரைப்படங்களில் இளம்பெண் இரசிகை

முன்னுரை

திரைப்படம் பார்த்தல், நடிகரின் படங்களைச் சேர்த்து வைத்தல், நடிகையைப் போலக் கூந்தலை ஒப்பனை செய்துகொள்ளுதல், புதிய உடையின் தையலைத் தோழியரோடு பேசி மகிழ்தல் ஆகியன இருபதாம் நூற்றாண்டு இந்திய இளம்பெண்ணின் அன்றாட வாழ்வோடு கலந்தவை. எனினும் கதைகளிலும் திரைப்படங்களிலும் இவ்வார்வங்கள் பெரும்பாலும் நகைப்புக்குரியனவாகவோ திருத்தத்திற்குரியனவாகவோ காட்டப்பட்டு வந்துள்ளன. இப்போக்கினை அறிவதற்கு ஏற்ற சான்றாக அமைவது, ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கத்தில் 1971ஆம் ஆண்டு வெளிவந்த ‘குட்டி’ என்னும் இந்தித் திரைப்படமாகும். இதன் கதையை எழுதியவர் குல்சார். இப்படம் 1975இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் ‘சினிமா பைத்தியம்’ என்னும் பெயரில் தமிழில் மறுவாக்கம் பெற்றது.

இளம்பெண்ணின் ஆர்வத்தை நோயாகக் காணும் பார்வை ‘குட்டி’யில் எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது என்பதையும், அப்பார்வையை மறுக்கும் சான்றுகள் அப்படத்திற்குள்ளேயே எவ்வாறு பொதிந்துள்ளன என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்தி மூலமே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. தமிழாக்கம், பெயர் மாற்றம் உணர்த்தும் கருத்துநிலை என்ற அளவில் ஒப்பிடப்படுகிறது.

கதையமைப்பும் நோயறிதலும்

குசும் என்னும் இயற்பெயரும் குட்டி என்னும் செல்லப்பெயரும் கொண்ட பள்ளி மாணவியே கதைத்தலைவி. இப்பாத்திரத்தை ஜெயா பாதுரி ஏற்றுள்ளார். பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகத் துள்ளித் திரியும் இவள், நடிகர் தர்மேந்திரா மீது அளவற்ற ஈடுபாடு கொண்டவள். விடுமுறைக்குப் பம்பாய் செல்லும் அவளை, அண்ணியின் உடன்பிறந்தவனான நவீன் விரும்புகிறான். மணம்பற்றிய பேச்சு எழும்போது, தான் தர்மேந்திராவைக் காதலிப்பதாக அவள் கூறுகிறாள். திகைத்த நவீன், உளவியல் பேராசிரியரான தன் மாமாவிடம் இதனை எடுத்துச் செல்கிறான். அவர் தர்மேந்திராவையே அணுகி, அவரது துணையோடு குட்டியைப் படப்பிடிப்புத் தளங்களுக்கு அழைத்துச் சென்று, திரைக்குப் பின்னுள்ள உண்மையைக் காட்டுகிறார். மயக்கம் தெளிந்த குட்டி இறுதியில் நவீனை ஏற்கிறாள்.

இக்கதையமைப்பு ஒரு மருத்துவ நிகழ்வின் படிநிலைகளைக் கொண்டிருப்பது கருதத்தக்கது. அறிகுறி தோன்றுகிறது, அதனை ஒருவர் கண்டறிகிறார், வல்லுநரிடம் செல்கிறார், மருந்து தரப்படுகிறது, நலம் மணமாக முடிகிறது. அறிகுறியைக் கண்டவன் அவளை மணக்க விரும்புபவன். வல்லுநர் அவனுடைய மாமா. மருந்து அவள் விரும்பும் நடிகர். மூவரும் ஆடவர். நோயாளி எனக் கருதப்படும் பெண் ஒருத்திக்கு மட்டுமே இச்சிகிச்சை நடைபெறுவது தெரியாது.

நோய் கண்டறியப்படும் தருணமும் நுணுகி நோக்கத்தக்கது. குட்டி திரைப்படங்களை விரும்பியபோது குடும்பம் அதனை விளையாட்டாகவே கொண்டது. அவ்விருப்பம் ஒரு மண ஏற்பாட்டிற்குத் தடையாக எழுந்தபோதுதான் அது சிக்கலாகிறது. எனவே இங்கு நோயெனப்படுவது திரைப்பட ஆர்வம் அன்று. அவ்வார்வத்தின் துணைகொண்டு அவள் கூறிய மறுப்பே எனலாம். குட்டியின் வயதும் சூழலும் கொண்ட ஒரு பெண், தன் மணம்பற்றித் தன் கருத்தைக் கூறுவதற்கு வேறு மொழி எதுவும் அவளிடம் இல்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே சொல் ஒரு நடிகரின் பெயராக இருந்தது.

மீரா என்னும் முன்மாதிரி

குட்டி தன் உணர்வைப் பள்ளியில் பயின்ற மீராவின் வரலாற்றோடு இணைத்துப் பார்க்கிறாள். மண்ணுலகக் கணவனை விடுத்துக் கண்ணனையே தலைவனாகக் கொண்ட மீராவைப் பாடநூல் போற்றுகிறது, ஆசிரியர் விளக்குகிறார், மாணவியர் பாடுகின்றனர். அதே மனநிலையைத் தன் காலத்திற்கேற்ப ஒரு நடிகர்பால் செலுத்தும் குட்டியோ திருத்தப்படுகிறாள். இம்முரண் படத்தில் நகைச்சுவையாகவே கையாளப்பட்டுள்ளது. ஆயினும் அதன் உட்பொருள் எளியதன்று. அடைய இயலாத ஒருவனைத் தலைவனாக வரித்துக்கொண்டு, அருகிலுள்ள மணத்தை மறுக்கும் பெண்ணின் நிலை இந்திய மரபிற்குப் புதியதன்று. தமிழில் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இதே மறுப்பைத் தெளிவான குரலில் முன்வைத்த நூலாகும். தொலைவிலுள்ள தலைவன், பெண்ணுக்குத் தற்காலிகமானதொரு புகலிடத்தைத் தருகிறான். அவனைச் சுட்டி அவள் “இல்லை” என்று சொல்ல இயலுகிறது.

இப்படத்தில் ஒலிக்கும் மீராவின் பாடலையும், ‘போலே ரே பபீஹரா’ என்னும் மழைக்காலப் பாடலையும் பாடியவர் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம். வசந்த் தேசாய் இசையமைத்த இப்படமே இந்தித் திரையுலகில் அவருக்கு நிலையான அறிமுகத்தைத் தந்தது. இரசிகையின் ஏக்கத்திற்குத் தமிழ்ப் பெண் ஒருவரின் குரல் வடிவம் கொடுத்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கதை அவ்வேக்கத்தை நகைக்க, இசை அதனை நகைக்காமல் மதிக்கிறது.

காண்பவளும் காணப்படுபவனும்: தமிழ் மரபு

புகழ்பெற்ற ஆடவனைக் கண்டு பெண் மயங்குதல் தமிழ் இலக்கியத்தில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. முத்தொள்ளாயிரத்துக் கைக்கிளைப் பாடல்களில், வீதிவழிச் செல்லும் வேந்தனைக் காணத் துடிக்கும் மகளிரும், அவர்களைத் தடுத்துக் கதவடைக்கும் தாயரும் இடம்பெறுகின்றனர். உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரையும் வீதியில் நிறுத்துகிறது. ஒட்டக்கூத்தரின் மூவருலா, சோழர் மூவரைப் பாட்டுடைத் தலைவர்களாகக் கொண்டு இம்மரபை நிலைநிறுத்திய நூலாகும். மகளிரின் அணிகலன், ஆடை, விளையாட்டு ஆகியன பருவந்தோறும் விரித்துரைக்கப்படுதல் உலாவின் இயல்பு. ஒப்பனையும் புகழாளர் மீதான மயக்கமும் இணைந்தே வருதலை இங்குக் காணமுடிகிறது.

உலாவிற்கும் ‘குட்டி’க்கும் இடையேயுள்ள வேறுபாடு ஆய்வுக்குரியது. உலா மகளிரை எவரும் குணப்படுத்த முயல்வதில்லை. அவர்களது மயக்கம் தலைவனின் பெருமைக்கு அளவுகோலாக அமைவதால் அது மிகுதோறும் சிறப்பாகக் கொள்ளப்படுகிறது. திரைப்படத்திலோ அதே மயக்கம் பெண்ணின் குறையாக மாறுகிறது. உலாவில் பெண்ணுக்குப் பெயரில்லை. பருவம் மட்டுமே உண்டு. படத்தில் அவளுக்குப் பெயரும் குடும்பமும் பேச்சும் உண்டு. ஆகவே அவளது விருப்பத்திற்கு விளைவும் உண்டு. விளைவுள்ள விருப்பமே அச்சத்தைத் தருகிறது. இரு நிலைகளிலும் பெண்ணின் விருப்பம் அவளுக்குரியதாக மதிக்கப்படவில்லை என்பதே பொதுமையாகும்.

மருந்தின் இயல்பு

‘குட்டி’ இளம்பெண்ணை இழிவுபடுத்தும் படம் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அவளை எவரும் அடிப்பதில்லை, அறையில் பூட்டுவதில்லை. பேராசிரியர் அறிவுரை கூறாமல் கண்ணாரக் காணச் செய்கிறார். அவள் காண்பனவும் பொய்யல்ல. கதாநாயகனுக்காகச் சண்டையிட்டு உடல்வருந்தும் மாற்று நடிகர், விளக்குகளைச் சுமக்கும் தொழிலாளர், கதாநாயகனாகும் கனவோடு ஊரைவிட்டு வந்து துணைநடிகர் கூட்டத்தில் நிற்கும் இளைஞன் ஆகியோரை அவள் எதிர்கொள்கிறாள். அஸ்ரானி ஏற்றுள்ள அவ்விளைஞனின் பாத்திரம், திரைமோகத்தின் விலையை ஆடவர் பக்கத்திலிருந்தும் காட்டுகிறது. பிமல் ராயின் படங்கள் உருவான அரங்கம் பாழடைந்து கிடப்பதைத் தர்மேந்திரா காட்டும் காட்சி, புகழின் நிலையாமையை உணர்த்துவதோடு, பிமல் ராயிடம் படத்தொகுப்பாளராகப் பணியாற்றிய முகர்ஜி தம் ஆசானுக்குச் செலுத்தும் வணக்கமாகவும் அமைகிறது. திரைக்குப் பின்னுள்ள உழைப்பைக் கண்முன் நிறுத்திய வகையில் இப்படத்தின் பங்களிப்பு பெரிது.

வில்லன் நடிகர் பிராண் தம் கைக்கடிகாரத்தை அன்போடு தர்மேந்திராவிற்கு அளிக்க முன்வரும்போது, அதனை ஏற்கவேண்டா எனக் குட்டி எச்சரிப்பது சுவையான காட்சி. நடிப்பையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாத பேதைமை என்று இதனைக் கொள்ளலாம். ஆயினும் வேறுபடுத்தி அறிய வேண்டும் என்னும் பாடத்தை அவளுக்குக் கற்பிப்பவர் எவர் என்பது எண்ணத்தக்கது. கண்ணியமும் பொறுமையும் நகைச்சுவையும் கொண்ட தர்மேந்திராவே கற்பிக்கிறார். ‘தர்மேந்திரா’வாகத் தோன்றும் அவரும் எழுதப்பட்ட உரையாடலையே பேசுகிறார். நட்சத்திரத்தை நம்பாதே என்று கூறும் படம், அதனைக் கூறுவதற்கு நட்சத்திரத்தின் மீதான நம்பிக்கையையே சார்ந்துள்ளது. படம் முடியும்போது அவர் முன்னினும் விரும்பத்தக்கவராகிறார்.

இம்முரண் படத்திற்கு வெளியிலும் தொடர்ந்தது. பதின்பருவத்தில் சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ படத்தில் நடித்துப் பின்னர்ப் புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஜெயா பாதுரி, ‘குட்டி’யின் வாயிலாகவே இந்தித் திரையின் நட்சத்திரமானார். ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க எழுந்த படம், மற்றொரு மயக்கத்திற்கு வித்திட்டது.

பெயர் மாற்றமும் கருத்துநிலையும்

‘குட்டி’ என்னும் இந்திச் சொல் பொம்மையைக் குறிப்பது. சிறுமியரை அன்போடு அழைக்கவும் பயன்படுவது. சிறியது எனப் பொருள்படும் தமிழ்ச் சொல்லோடு இது ஒலியால் ஒத்திருப்பது தற்செயலே. மூலத்தின் தலைப்பு பெண்ணைச் சிறுமியாகக் கண்டு, வளர்ந்தால் தெளிவாள் எனப் பொறுத்துக்கொள்கிறது. ஜெய்சங்கர் நடிகர் ஜெய்சங்கராகவே தோன்ற, ஜெயசித்ரா இரசிகையாக நடித்த தமிழாக்கம் அவ்வழைப்புப் பெயரை நீக்கி, ‘பைத்தியம்’ என்னும் சொல்லைத் தலைப்பில் வைத்தது. செல்லப்பெயர் இருந்த இடத்தில் நோயின் பெயர் அமைந்தது. மூலத்தில் உட்கிடையாக இருந்த மருத்துவப் பார்வையைத் தமிழ்த் தலைப்பு வெளிப்படையாக்கியது எனலாம். வழக்குத் தமிழில் ‘பைத்தியம்’ மிகுவிருப்பையும் குறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் விருப்பையும் பித்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கில், சொல் எவர்மீது எந்நிலையில் சாட்டப்படுகிறது என்பதே பொருளை உறுதிசெய்கிறது.

தமிழகத்தின் அக்காலச் சூழலோடு பொருத்திக் காணும்போது இது மேலும் தெளிவாகிறது. பெரும்பாலும் ஆடவரைக் கொண்ட இரசிகர் மன்றங்கள் அப்போது தமிழகமெங்கும் செயற்பட்டன. ‘சினிமா பைத்தியம்’ வெளிவந்து ஈராண்டுகள் கழிந்து, 1977இல் எம்.ஜி.ஆர். தமிழக முதலமைச்சரானார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வும், சாரா டிக்கி மதுரையில் கள ஆய்வு செய்து 1993இல் வெளியிட்ட நூலும் திரைப்பட ஈடுபாட்டினை அரசியலாகவும் சமூகவியலாகவும் அணுகின. இவ்வாறு ஆடவரின் திரை ஈடுபாடு மன்றமாகவும் கொடியாகவும் வாக்காகவும் உருப்பெற்றுத் தீவிர ஆய்வுக்குரியதாயிற்று. வீட்டிற்குள் நிகழ்ந்த இளம்பெண்ணின் ஈடுபாட்டிற்கு மன்றமும் இல்லை, பதிவேடும் இல்லை. அதனால் அது தொண்டாகவும் கொள்ளப்படவில்லை, அரசியலாகவும் எண்ணப்படவில்லை.

ஆடையில் எழுதப்பட்ட வரலாறு

பதிவேடு இல்லாத அவ்வீடுபாடு எங்குத் தங்கியது எனின், உடையிலும் அணியிலும் தங்கியது எனலாம். 1960இல் வெளிவந்த ‘லவ் இன் சிம்லா’ படத்தில் சாதனா நெற்றியில் விழுமாறு கத்தரித்துக்கொண்ட முன்முடி, ‘சாதனா கட்’ என்னும் பெயரோடு நாடெங்கும் பரவியது. ஆட்ரி ஹெப்பர்னைப் பின்பற்றி அமைந்த அம்முறை, இந்திய நகரங்களின் பெண்களால் தம் முகத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளப்பட்டது. தமிழில் 1985இல் வெளிவந்த ‘பூவே பூச்சூடவா’ படத்திற்குப்பின் நதியாவின் பெயரில் கம்மலும் வளையலும் கொண்டையும் கடைத்தெருவில் வழங்கின. இவற்றை வெறும் போலச்செய்தல் எனத் தள்ளுதல் எளிது. திரையில் கண்ட வடிவத்தை நினைவில் இருத்தி, கையிலுள்ள துணிக்கும் பணத்திற்கும் ஏற்ப வகுத்து, தையற்காரரிடம் விளக்கி, வீட்டாரின் இசைவையும் பெறுதல் ஒரு பெண்ணின் அறிவும் தேர்வும் பேச்சுத்திறனும் ஒருங்கே இயங்கும் செயலாகும்.

நடிகைமீதான இவ்வார்வத்திற்கும் நடிகர்மீதான ஆர்வத்திற்கும் உரிய வேறுபாடும் சுட்டத்தக்கது. நடிகரை விரும்பும் இரசிகை ‘எவரை மணப்பது’ என்னும் வினாவை எழுப்புகிறாள். நடிகையைப் பின்பற்றும் இரசிகை ‘எவ்வாறு வாழ்வது’ என்னும் வினாவை எழுப்புகிறாள். ‘குட்டி’ முதல் வினாவிற்கு மட்டுமே விடை தேடுகிறது. இரண்டாம் வினா அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

முடிவுரை

திரைமாயையை விலக்கி உழைப்பைக் காட்டிய வகையில் ‘குட்டி’ இந்தியத் திரையின் குறிப்பிடத்தக்க தன்விமரிசனப் படைப்பாகும். அதன் குறை, மாயை தெளிந்த பெண்ணுக்கு மணம் ஒன்றனையே மாற்றாக வைத்ததில் உள்ளது. ஒளியமைப்பையும் படப்பிடிப்பையும் அவ்வளவு ஆர்வத்தோடு கண்ட மாணவிக்கு அத்தொழிலைக் கற்கும் எண்ணம் எழக்கூடும் என்பதைக் கதை எண்ணிப் பார்க்கவில்லை. அப்பாத்திரத்தை ஏற்றவரோ திரைப்படக் கல்லூரியில் முறையாகக் கற்றுத் தேர்ந்த பெண் என்பது, கதை காணத் தவறிய வழியொன்று நடைமுறையில் திறந்திருந்ததைக் காட்டுகிறது.

கைக்கிளை முதல் உலா வரையிலான மரபு பெண்ணின் மயக்கத்தைத் தலைவனுக்கு உரியதாக்கியது. திரைப்படம் அதனை நோயாக்கியது. ஆடவரின் ஈடுபாட்டினை வரலாறாக எழுதும் ஆய்வுலகம், இளம்பெண்ணின் ஈடுபாட்டினையும் அதே கருத்தூன்றலோடு நோக்குதல் வேண்டும். அதற்குரிய சான்றுகள் மன்றப் பதிவேடுகளில் கிடைக்கமாட்டா. பழைய ஒளிப்படங்களில் காணும் பின்னலிலும் இரவிக்கையின் கையளவிலும் கம்மலின் பெயரிலும் அவை கிடைக்கும். அவற்றைத் தொகுத்து ஆராய்தல் அடுத்துவரும் ஆய்வுகளுக்குரிய களமாகும்.